பக்கத்து வயல்காரர் சொன்ன கணக்கு

பாபநாசம் வட்டாரத்தில் கதிர் அறுக்கும் மெஷினைச் சொந்தமாக வாங்கி இறக்கிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் ஒருத்தர் இருந்தார் என்று சிலர் சொல்வார்கள். அவர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வாடகைக்குக் கூட்டி வந்தவர். அது கணக்கில் சேராது. எங்கப்பா அடுத்தவர் வயலில் அரிவாள் பிடித்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன். இன்றைக்கு என்னிடம் அறுவடை மெஷின் மூன்று, நடவு மெஷின் இரண்டு நிற்கின்றன. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மகள் எழுதிய விண்ணப்பத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

விண்ணப்பம் என்றால் வேலைக்கு இல்லை. ஐரோப்பாவில் ஒரு ஊர். உலகம் பூராவிலிருந்தும், தன் தொழிலில் நாலு பேரை முன்னால் நின்று நடத்திக் காட்டிய இளவயதுக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, அங்கே ஆறு மாதம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். போகவர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் செலவு. ஃபெலோஷிப் என்று பெயர். தலைமைக்கான பயிற்சி என்று மகள் விளக்கினாள். நான் எந்தக் கட்சி நடத்துகிறது என்று கேட்டேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அவள் விவசாயக் கல்லூரியில் படித்தவள். எங்கள் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியில் மேனேஜர். அந்த ஃபெலோஷிப்புக்கு வயது முப்பது தாண்டக் கூடாது. முந்தின வருஷம் போட்டு முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். இந்த வருஷம் போனால் போனதுதான், அப்புறம் வயது விடாது. அதனால் வீட்டில் அந்த மாதங்கள் முழுவதும் பொங்கலுக்கு முந்தின நாள் மாதிரியே இருந்தது. அவளுக்குப் படபடப்பு. எனக்கு அதைவிடப் படபடப்பு. நான் கும்பகோணத்தில் ஃபிளக்ஸ் அடிக்கிற கடைக்கு அவள் போட்டோவை அனுப்பி, வாழ்த்துகிறோம் என்று பெரிதாகப் போட்டு டிசைன் கேட்டுவிட்டேன். அவள் அந்தக் கடைக்கு போன் போட்டு நிறுத்தினாள். விண்ணப்பத்தையே இன்னும் அனுப்பவில்லையாம். அனுப்பினால் கிடைக்கப்போகிறது, இதில் முன்னே என்ன பின்னே என்ன என்பது என் கட்சி.

அதில் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. நீங்கள் தோற்றுப்போன ஒரு சமயத்தைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு கேள்வி. தோற்றதை எவனாவது தானே எழுதிக் கையில் கொடுப்பானா? நான் வாழ்க்கையில் தோற்றதே இல்லை, வேண்டுமானால் என்னைப் பற்றி எழுது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான் செய்த நாற்றங்காலைப் பற்றி எழுதப் போய்விட்டாள்.

அந்த நாற்றங்கால் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வாய்க்காலில் மேல்மடையில் வயல் இருப்பவனுக்குத் தண்ணீர் முதலில் வரும். கடைசி வயலுக்கு வந்து சேர்வதற்குள் பருவம் போய்விடும். குறுவைக்கு ஒவ்வொருவனும் தன் இஷ்டத்துக்குத் தனித்தனியாக நாற்று விடுவான். தண்ணீர் பிந்தினால் நாற்று முற்றிப் போகும். ஒருவன் இன்றைக்கு நடுவான், இன்னொருவன் அரை மாதம் கழித்து நடுவான். கடைசியில் நட்டவனின் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும். என் மெஷின் சேற்றில் புதைவதும் அங்கேதான்.

என் மகள் வாய்க்கால் முழுவதுக்கும் ஒரே நாற்றங்கால் போட்டாள். போர்வெல் இருக்கிற ஒரு இடம், தட்டுகளில் நாற்று, பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண்கள் பதினைந்து இருபது பேர். தண்ணீர் திறந்ததும் நடவு மெஷின் கடைசி வயலிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறி வரவேண்டும் என்றாள். முதல் வருஷம் மோட்டார் எரிந்து பாதித் தட்டு காய்ந்துபோனது. தோற்றது என்று அவள் எழுதியது அதைத்தான். அடுத்த வருஷம் ஜெயித்தாள்.

மேல்மடைக்காரர் ஒருவர் இருக்கிறார், என் வயது. தன் வயலுக்கு முதலில் நடாவிட்டால் ஒரு தட்டுகூட எடுக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். நான் இரண்டு தடவை போய்ச் சத்தம் போட்டும் அசையவில்லை. என் மகள் போய், எந்த வயலுக்கு எந்த நாள் என்று முறை சொல்கிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டாள். முறை சொல்கிறவர் தன் வயலையே முதலில் வைத்தால் ஊர் சிரிக்கும். மனிதர் தானாகவே தன் வயலைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அந்தக் குறுவை மழைக்கு முன்னால் மொத்தமும் அறுப்பாகி முடிந்தது. விளைச்சலும் கூடியது. முன்னெல்லாம் மாவுக்கு எட்டு மூட்டை கண்ட வயலில் பன்னிரண்டு, பதிமூன்று என்று கண்டது. மா என்பது எங்கள் பக்கத்து அளவு, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு.

இதைத்தான் அவள் ஆங்கிலத்தில் எழுதி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நட்டதும் அறுத்ததும் என் மெஷின், அது எங்கே என்று கேட்டேன்.

"அது வாடகைக்கு வந்த மெஷின்பா. வாடகையும் வாங்கிட்டீங்க," என்றாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து, வாங்கியதோடு டீசலுக்குத் தனியாகவும் வாங்கினார் என்று எடுத்துக்கொடுத்தாள். என் வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, உனக்கு இங்கே என்ன குறை, எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மற்ற தேசங்களிலும் ஆறு கடலில் சேருகிற இடத்தில் நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தண்ணீரை எப்படிப் பங்கு வைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், ஒரு வாய்க்காலில் செய்ததைப் பத்து வாய்க்காலில் செய்ய வேண்டும் என்றாள். அது விண்ணப்பத்திலும் எழுதியதுதான். எழுதாத ஒன்றையும் சொன்னாள்.

"இங்க நான் எது செஞ்சாலும் மெஷின்காரர் மகளாச்சே, செய்யாம இருக்குமான்றாங்க. அங்க நான் யாரு மகள்னு யாருக்கும் தெரியாதுப்பா. நான் செஞ்சதை நான் செஞ்சதாவே பேசலாம்."

எழுந்து கை கழுவினேன். கொட்டகைக்குப் போய் மெஷினுக்கு கிரீஸ் போட்டேன். முந்தின நாள்தான் போட்டது.

விண்ணப்பம் போனது. முதல் சுற்றைத் தாண்டியது. இரண்டாவது சுற்றையும் தாண்டியபோது நான் பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்ட எல்லாருக்கும் சொன்னேன். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களை நேரில் வந்து பார்ப்பார்களாம். எழுதியது உண்மைதானா என்று அந்த ஊர் ஜனங்களிடம் பேசுவார்களாம். அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வயல் பக்கம் வரவேண்டாம் என்று மகள் என்னைக் கேட்டுக்கொண்டாள். அப்பா வந்து பேசினால் அப்பா பேசியதாகிவிடும் என்றாள். நான் ஒத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் காலையில் காரில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும், கதர்ச் சேலை, கையில் பெரிய டேப்லெட். மகள் அவரை நாற்றங்காலுக்குக் கூட்டிப்போய்ப் பெண்களிடம் விட்டாள். அவர்கள் தட்டில் மண் நிரப்புவதிலிருந்து வரிசையாகச் சொன்னார்களாம். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்திருக்கிறது. பிறகு, விவசாயிகளிடம் நான் தனியாகப் பேசுகிறேன், நீங்கள் கூட வரவேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்து போயிருக்கிறார்.

எனக்கு அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கம் ஒரு வேலை வந்துவிட்டது. டிராக்டர் பெல்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தக் கரை வழியாகத்தான் வரவேண்டும். எதிரில் அந்த அம்மாள் வந்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் போவது மரியாதை இல்லை. யார் என்று சொல்லி, உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, மாவுக்குப் பதிமூன்று மூட்டைக்குக் குறையாமல் கண்டது, நான்தான் அறுத்தேன், எனக்குத் தெரியாதா என்றும் சொன்னேன். பொய் ஒன்றுமில்லை, உள்ளதைத்தான் சொன்னேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டேப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாம்பார், வாழைக்காய் வறுவல், அப்பளம், பாயசம். அந்த அம்மாள் பாயசத்தை முடித்துவிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்து, மகளிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க எழுதினது பன்னிரண்டு, பதிமூணு. நான் பேசின அத்தனை பேரும் எட்டுன்னு சொல்றாங்க. ஒருத்தர் ஏழுன்றார். ஒருத்தர் வெள்ளத்துல போயிடுச்சுன்னே சொல்லிட்டார். பதிமூணுன்னு சொன்னது உங்க அப்பா ஒருத்தர்தான்."

மகளின் முகம் சுண்டிப்போனது. விளைச்சல் கூடியதாகப் பொய் எழுதியிருக்கிறாள், அப்பனும் அதற்குச் சாட்சி சொல்கிறான் என்றுதானே அதற்கு அர்த்தம். கடைசி வருஷம், கடைசிச் சுற்று, இந்த இடத்தில் வந்து போகப்போகிறது. கொள்முதல் நிலையத்து ரசீதுகளைப் பார்க்கலாமா என்று அந்த அம்மாளே கேட்டார். பாதிப் பேர் வியாபாரியிடம் போட்டார்கள், விதைக்கும் வீட்டுக்கும் எடுத்து வைத்தது வேறு, ரசீதில் முழுசும் இருக்காது என்று மகள் உண்மையைச் சொன்னாள். அது இன்னும் சாக்குப்போக்கு மாதிரிக் கேட்டது.

சென்னையில் இருப்பவருக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரிய நியாயமில்லை. டெல்டாவில் எந்த விவசாயியிடமும் போய் எவ்வளவு கண்டது என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ கண்டுச்சு என்பான். சாப்பாட்டுக்கு ஆகும் என்பான். அமோகமாக விளைந்தது என்று எவனும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். சொன்னால் கண் படும். கைமாற்றுக்கு மைத்துனன் வந்து நிற்பான். கோயில் நிலமாக இருந்தால் குத்தகை ஏறும். அதுவும் வெளியூர்க்காரர் ஒருவர் டேப்லெட்டோடு வாய்க்கால் கரையில் நடந்து வந்தால் அவர் பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வந்தவர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நிவாரணம் வரும்போது எட்டு என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒருத்தன்தான் இந்த ஊரில் விளைந்ததை விளைந்தது என்று சொல்கிறவன். அதனால்தான் என்னை எல்லாரும் பீற்றல்காரன் என்கிறார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். மகள், அப்பா வேண்டாம் என்று பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அம்மாளும் வந்தார். தஞ்சாவூரில் ரயிலைப் பிடிக்க அவருக்கு இன்னும் நேரம் இருந்தது.

டீக்கடையில் நான் தேடிப் போன ஆட்கள் எல்லாருமே இருந்தார்கள். மேல்மடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வயல்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நான் நேரே மேல்மடைக்காரரிடம் போய், எத்தனை மூட்டை என்று சொன்னீர் என்று கேட்டேன்.

எட்டு என்றார், கண்ணிமைக்காமல். போகிற போக்கில் என் மகளுக்கும் நன்மைதான் செய்திருப்பதாக வேறு சொன்னார். பாவம், அந்தப் பெண் எங்களுக்கு ஏதோ வாங்கிக் கொடுக்கத்தானே ஆளைக் கூட்டி வந்திருக்கிறது, நாம் அதிகமாகச் சொல்லி அதைக் கெடுக்கலாமா என்றார். நல்ல மனசோடுதான் கெடுத்திருக்கிறார்கள், எல்லாரும் சேர்ந்து.

"யோவ், உம்ம வயலை அறுத்தது என் மெஷினு. தொட்டி நிறைஞ்சு நிறைஞ்சு டிராக்டர்ல கொட்டுனதை நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். எட்டாம்ல, எட்டு."

அவர் வடையைக் கீழே வைத்தார். "எனக்கு எட்டுதான்யா. விளைஞ்சவனைப் பாக்கணும்னா அந்தா நிக்கிறானே, அவனைப் பாரு. பதிமூணு கண்டுச்சு அவனுக்கு. ரோட்டுல காயப் போட்டிருந்தான், நான் வண்டியை இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தேன், அவ்வளவு நீளம்."

தூணில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "எனக்கா? எனக்கு ஏதோ சாப்பாட்டுக்கு வந்துச்சுண்ணே. இவருக்குத்தான் பன்னெண்டரை. வியாபாரிக்கிட்ட எடை போடும்போது கூடத்தானே இருந்தேன். மிச்சத்தைப் பெரிய பொண்ணு வீட்டுக்கு ஏத்தி விட்டாரு, அதைக் கேளுங்க."

மேல்மடைக்காரர் எழுந்துவிட்டார். பெரிய பெண்ணின் பேச்சு எதற்கு இங்கே என்று அவர் கேட்க, அப்புறம் என் ரோட்டுப் பேச்சு எதற்கு என்று அவன் கேட்க, டீ ஆற்றுகிறவர் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் விளைந்தது, இரண்டு பேருமே டீக்கடை பாக்கியைத்தான் தரவில்லை என்றார். நானும் விடவில்லை.

திரும்பிப் பார்த்தால் என் மகளின் முகமே மாறியிருந்தது. சண்டையை அவள் கேட்கவே இல்லை போலிருந்தது. அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, மளமளவென்று பேசினாள்.

"மேடம், உங்களுக்கு எவ்வளவுன்னு கேட்டா எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. நான் அதை உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், எனக்கு அது தோணவே இல்ல. பிறந்ததுலேருந்து பழகிப்போச்சு. இன்னொரு சுத்து வரலாமா? இந்தத் தடவை அவங்கவங்க வயலைக் கேக்க வேண்டாம். பக்கத்து வயலைக் கேளுங்க."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். டேப்லெட்டைத் திறந்துகொண்டு நடந்தார்.

என்ன சொல்ல, அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. காலையில் அதே ஜனங்கள் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். இப்போது பக்கத்து வயல்காரனுக்கு எவ்வளவு என்று கேட்டதும், எப்போதடா கேட்பார்கள் என்று காத்திருந்தது போலப் பேசினார்கள். கிழக்கு வயலுக்கு எவ்வளவு, எந்த நாள் அறுத்தான், எங்கே காயப் போட்டான், யாரிடம் விற்றான், விற்ற கையோடு என்ன வாங்கினான் எல்லாம் வந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், பக்கத்து வீட்டில் புதிதாக வந்து இறங்கிய பிரிட்ஜின் நிறத்தைக்கூடச் சொன்னாள். ஒருவனைப் பற்றி இடது பக்கத்துக்காரன் சொன்னதும் வலது பக்கத்துக்காரன் சொன்னதும் ஒத்துப்போனது. அதைக் குறித்துக்கொள்வதற்கு மகள் ஒரு வழியும் சொன்னாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஒத்துப்போகாததை விட்டுவிடலாம் என்றாள். ஒத்துப்போகாதது அதிகம் இல்லை.

வெள்ளத்தில் போய்விட்டது என்று காலையில் சொன்னவனுக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டமாகப் போனது. அவனுடைய அண்டை வயல்காரர் அவன் சித்தப்பா. நெல்லைக் கொட்ட இடமில்லாமல் என் வீட்டு முற்றத்தைக் கேட்டானே, அந்த நெல்லா வெள்ளத்தில் போனது என்று சித்தப்பா அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

அந்த அம்மாள் புறப்படும்போது மகளிடம் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம். என்னிடம் மட்டும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, காலையில் நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை சார் என்றார். பரவாயில்லை, இங்கே யாரும் நம்புவதில்லை என்றேன்.

அந்தச் சண்டையை ஆரம்பித்து வைத்தது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் போய்க் கேட்காவிட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சண்டையில் நான் கேட்டது யார் என்னை எதிர்த்துப் பேசுகிறான் என்பதை. அவள் கேட்டது அதற்குள் இருந்த கணக்கை. அது எனக்கு வராது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, எழுத்தில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிற கடைசி நேர்முகம் ஒன்று இருந்தது. மகள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே மிக்ஸி போடக் கூடாது, மோட்டார் போடக் கூடாது, அப்பா செல்போனில் பேசக் கூடாது என்று அவள் அம்மா சட்டம் போட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஆங்கிலத்தில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவில் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஐந்தாறு தேசத்துக்காரர்கள் ஒரே சமயத்தில் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எதற்குச் சிரித்தார்கள் என்று அப்புறம் கேட்டதற்கு, பக்கத்து வயலைக் கேட்ட கதையைச் சொன்னேன் என்றாள். இந்த ஊரில் வேலை செய்ய நீ முதலில் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டார்களாம். யாரிடம் கேட்கிறோம் என்பதைவிட யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பது முக்கியம் என்று சொன்னாளாம்.

சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்தபோது முடிவு வந்தது. நான் ராஜகிரிப் பக்கம் ஒரு வயலில் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தூசியில் எதிரில் இருப்பவன் முகம் தெரியாது. தூரத்தில் வரப்பைத் தாண்டி ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. செருப்பைக் கையில் வைத்திருந்தாள். வளர்ந்த பெண் அறுத்த தாளில் வெறுங்காலோடு ஓடுகிறாளே, குத்துமே என்று நினைத்த பிறகுதான் அது என் மகள் என்று தெரிந்தது. நான் கையைத் தூக்கி மெஷினை நிறுத்தச் சொன்னேன். அறுப்பு நேரத்தில் நடு வயலில் மெஷினை நிறுத்துவது நான் செய்கிற காரியமில்லை. டிரைவர் என்னவோ உடைந்துவிட்டது என்று கீழே குதித்தான்.

"கெடச்சிருச்சுப்பா," என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மூச்சு வாங்கியது. பிறகு செல்போனை எடுத்து அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பதே இரண்டு பேருக்கும் அப்போது நினைவில்லை. முழுவதும் ஆங்கிலத்திலேயே படித்தாள், நான் முழுவதும் கேட்டேன். வயல்காரர் வந்து மெஷின் ஏன் நிற்கிறது என்று கோபமாகக் கேட்டார். அவருக்கும் சொன்னேன். அவர் கைகொடுத்துவிட்டு, இப்போதாவது ஓட்டச் சொல்லுங்கள், மேகம் போடுகிறது என்றார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே சேர வேண்டியது மே மாதம். இங்கே நாற்றங்கால் போடுவதும் அதே மாதம். அவள் இல்லாமல் நாற்றங்கால் நின்றுபோனால், சென்னை அம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போனதற்கெல்லாம் என்ன அர்த்தம்? அவள் அந்தக் கவலையோடு பெண்களைக் கூட்டினாள். நானும் போனேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து, நீ நிம்மதியாகப் போய் வா, இந்த வருஷம் நான் நின்று நடத்துகிறேன் என்று சொன்னேன். எத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் நான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி, என் மெஷின் வருவதற்கு முன்னால் நடவு ஆட்களுக்குத் தலைவியாக இருந்தவள், எழுந்து நின்றாள்.

"அண்ணே, நாங்க ஏற்கெனவே ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிட்டோம். விதை யாரு, மோட்டார் யாரு, தட்டு யாருன்னு எல்லாம் முடிஞ்சுது. நீங்க நடவு மெஷினை அனுப்புங்க, போதும். எந்த நாளுன்னு நாங்க சொல்றோம்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் சிரித்ததுதான் அதிகம். முறை சொல்கிறவரான மேல்மடைக்காரர் பின்னாலிருந்து, மெஷின்காரருக்கு இப்போதுதான் முதலாளி கிடைத்திருக்கிறார் என்றார். எனக்கு நாள் குறிக்கிற ஆள் இந்த ஜில்லாவில் அதுவரை பிறக்கவில்லை. சரி என்றேன். அவர்கள் சொன்ன நாளுக்கு முந்தின நாளே மெஷினைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்படிச் சொன்ன தேதிக்கு முன்னால் மெஷின் அனுப்பிய ஆளும் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான்.

ஆனி மாதம், மகள் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் நாற்றங்காலில்தான் இருந்தேன். செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இங்கே எல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா, கேமராவைத் திருப்புங்க. நாத்தைக் காட்டுங்க. இங்க எல்லாரும் பாக்கணும்றாங்க."

திருப்பினேன். திருப்புவதற்கு முன்னால் பார்த்தேன், அவள் தோளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறம், ஒருத்தி தலையில் பெரிய பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். திருப்பிய பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. தட்டுகள் வரிசை வரிசையாகப் பச்சையாக இருந்தன. மூத்தவள் ஒரு தட்டைத் தூக்கி, நாற்றைப் பாய் மாதிரிச் சுருட்டிக் காட்டினாள். அங்கே யாரோ கேட்டார்கள், என் மகள் பதில் சொன்னாள். இன்னொருவர் கேட்டார், அதற்கும் சொன்னாள். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. எங்கள் வாய்க்காலைப் பற்றி அவள் பேசப் பேச, நான் செல்போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக நடந்தேன். கை வலித்தது. மாற்றிப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் காட்டினேன்.